இறைச்சிக் கடைத் தெருவின் மறைசாட்சி



இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யோர்க் நகருக்கு நீங்கள் என்றாவது செல்ல நேர்ந்தால், ஷாம்பிள்ஸ் என்னும் ஒடுங்கிய தெருவைக் காணாமல் திரும்பாதீர்கள். இருபுறமும் உள்ள பழைய மரவீடுகளின் மேல்மாடிகள் தெருவை நோக்கி நீண்டு, ஒன்றையொன்று தொட்டுவிடுவனபோலத் தோன்றும். சன்னல்களின் கீழே அகன்ற பலகைகள் இருக்கும். அவை அழகுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. வெட்டிய இறைச்சியைப் பரப்பி விற்பதற்காக அமைக்கப்பட்டவை. பல நூற்றாண்டுகளாக அது இறைச்சிக் கடைத் தெரு. 1872 ஆம் ஆண்டிற்கூட அங்கு 25 இறைச்சிக் கடைகள் இருந்தன. இன்று ஒன்றுமில்லை. அவை இருந்த இடங்களில் இனிப்புகளும் நினைவுப் பொருட்களும் விற்கப்படுகின்றன. அவற்றின் நடுவே 35 ஆம் இலக்க வீட்டின் கீழ்த்தளத்தில் சிறியதொரு செபக்கூடம் உள்ளது. புனித மார்கிரட் கிளிதரோவின் பெயரால் அமைந்த கூடம் அது.

இறைச்சிக் கடையில் நின்று நிறுத்துக் கொடுத்து, காசு எண்ணி வாங்கிய ஒருவரைப் புனிதராக எண்ணிப் பார்ப்பதற்கு நம்மிற் பலருக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. புனிதர் என்றதும் துறவியின் அங்கியையும் மடத்தின் மதிலையுமே மனம் தேடுகின்றது. மார்கிரட் அம்மையாரோ இறைச்சி வியாபாரி ஒருவரின் மனைவி. மூன்று பிள்ளைகளின் தாய். கணவரின் கடையை நாள்தோறும் நடத்தியவரும் அவரே.

அவர் 1550களின் நடுப்பகுதியில் யோர்க் நகரிலே பிறந்தார். தந்தையார் தோமஸ் மிடில்டன் மெழுகுதிரி செய்து விற்கும் வணிகர். 1564 இல் நகரின் செரிப் பதவியையும் வகித்தவர். தந்தையார் 1567 இல் இறந்தபின் தாயார் ஹென்றி மே என்பவரை மறுமணம் செய்தார். இந்த மாற்றாந் தந்தையை நினைவில் வைத்திருங்கள். கதையின் முடிவில் இவர் மீண்டும் வருவார். 1571 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, மார்கிரட் ஜோன் கிளிதரோவுக்கு வாழ்க்கைப்பட்டார். ஜோன் மனைவியை இழந்தவர். ஷாம்பிள்ஸ் தெருவில் செல்வாக்குள்ள இறைச்சி வியாபாரி. மணமகள் எழுதப் படிக்க அறியாதவராகவே அவ்வீட்டுக்குட் புகுந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தின் நிலைமையை இங்கே சுருக்கமாகவேனும் கூறவேண்டும். முதலாம் எலிசபெத் மகாராணியின் ஆட்சி. 1559 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரச திருச்சபையின் வழிபாட்டுக்குச் செல்வது அனைவருக்கும் கட்டாயம். செல்லாதவர் ஒவ்வொரு தடவையும் 12 பென்ஸ் தண்டம் கட்டவேண்டும். கத்தோலிக்கத் திருப்பலி தடைசெய்யப்பட்டிருந்தது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமற் சொல்வதே நேர்மை. எலிசபெத்துக்கு முன் ஆண்ட கத்தோலிக்க அரசியான மேரியின் காலத்தில், 1555 முதல் 1558 வரை, ஏறத்தாழ 280 புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் உயிரோடு எரிக்கப்பட்டனர். மார்கிரட் பிறந்து தவழ்ந்த ஆண்டுகள் அவை. இரத்தம் ஒரு பக்கத்தில் மட்டும் சிந்தப்படவில்லை.

அரச திருச்சபையில் வளர்ந்த மார்கிரட், திருமணமாகி மூன்றாண்டுகளின் பின், 1574 அளவில் கத்தோலிக்கரானார். கணவர் மாறவில்லை, இறுதிவரை அரச திருச்சபையிலேயே இருந்தார். அவருடைய சகோதரர் ஒருவர் கத்தோலிக்கக் குருவானவர். ஆயினும் ஜோன் நகரசபையில் பதவி வகித்தவர். பெரிய மனிதர்களோடு பழகியவர். தொழிலைக் காக்க வேண்டியவர். ஒரே வீட்டில், ஒரே மேசையில் இரண்டு திருச்சபைகள். மனைவி ஆலயத்துக்கு வராததற்கான தண்டத்தைக் கணவர் தம் பணத்திலிருந்தே கட்டி வந்தார். மறைசாட்சிகளின் வரலாற்றை எழுதுவோர் இந்த மனிதரைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து விடுகின்றனர். எனக்கு அப்படிக் கடந்து செல்ல மனம் வரவில்லை. மனைவியின் நம்பிக்கையைப் பகிர முடியாதபோதும் அதற்கான விலையைத் தம் பையிலிருந்து கொடுத்த கணவரை எளிதாக எண்ணிவிட முடியுமா?

அவரும் குறையற்றவர் அல்லர். ஒருமுறை அயலார் வீட்டு விருந்தில், மது உள்ளே சென்ற நிலையில், கத்தோலிக்கரைப்பற்றி அவர் கடுஞ்சொற்களைக் கூறிவிட, மார்கிரட் அங்கேயே அழுதுவிட்டாராம். தம் மனைவியைக் குறித்து அவ்வாறு கூறவில்லை என்று ஜோன் சமாதானம் சொன்னபோதிலும், கணவரின் ஆன்மாவை எண்ணியே தாம் அழுததாக மார்கிரட் தெரிவித்தார். கலப்புத் திருமணத்தில் வாழும் வாசகர்களுக்கு இந்த மேசைக் கண்ணீரை நான் விளக்க வேண்டியதில்லை.

1577 ஆம் ஆண்டில் மார்கிரட் முதன்முறையாகச் சிறைசென்றார். வழிபாட்டுக்குச் செல்லாமையே குற்றம். அதன்பின் மேலும் இருமுறை யோர்க் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். மூன்றாவது பிள்ளையான வில்லியம் பிறந்ததும் சிறையிலேதான். ஆனால் அந்தச் சிறையில் அவர் ஒரு செல்வத்தைத் தேடிக்கொண்டார். சக கைதிகளின் உதவியோடு எழுத்தறிந்து வாசிக்கக் கற்றார். வணிகரின் வீட்டிற் கிடைக்காத கல்வி சிறையிற் கிடைத்தது.

இனி, கடைக்குள் அவரைக் காண்போம். அவருடைய வாழ்க்கையை எழுதி வைத்தவர் ஜோன் மஷ் அடிகளார். அம்மையாரின் இறுதிக் காலத்தில் அவருக்கு ஆன்ம குருவாக இருந்தவர். அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை அதிசயங்கள் அல்ல, கணக்குகளே. கணவர் கடைப் பொறுப்பு முழுவதையும் மனைவியின் கையில் ஒப்படைத்திருந்தார். ஆகவே பொருளுக்குரிய நியாயமான விலையைப் பெறுவதில் மார்கிரட் கவனமாயிருந்தார். அயற்கடைக்காரர் விற்கும் விலைக்கே விற்றார். பக்தி மிகுந்ததால் கணக்குத் தளர்ந்தது என்று எவரும் சொல்ல இடம் வைக்கவில்லை. அதேவேளை, சில்லறை வியாபாரத்தின் இழுபறிகள் அவருக்குச் சலிப்பூட்டின. கடையை விட்டுவிட்டு மொத்த வியாபாரத்தோடு நின்றுகொள்ளலாம், தொல்லையும் குறையும் என்று கணவரிடம் பலமுறை கேட்டுப் பார்த்தார். அது நடக்கவில்லை. எனவே கடையில் நின்றபடியே செபித்தார்.

வீட்டிலும் அப்படியே. பணிப்பெண்கள் இருந்தபோதும், அடுப்பு மூட்டுவது, கூட்டுவது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளில் இழிவானது எதுவோ அதைத் தாமே எடுத்துக்கொள்வார். வேலையில் கண்டிப்பானவர். பணியாளர் தவறினாற் கடிந்துகொள்ளவும் தயங்கமாட்டார். அப்படிக் கடிந்தால் அவர்கள் வெளியே போய் வீட்டு இரகசியத்தைச் சொல்லிவிடுவார்களே என்று அடிகளார் எச்சரித்தபோதும், அந்த அச்சத்துக்காகத் தம் கடமையை விட அவர் இசையவில்லை.

ஆம், அந்த வீட்டில் ஓர் இரகசியம் இருந்தது. மறைந்து திரியும் குருக்கள் அங்கே தங்கினர், திருப்பலி நிறைவேறியது. வீட்டோடு சேர்ந்த அறையொன்று அதற்கென ஒழுங்குசெய்யப்பட்டிருந்தது. ஆபத்து வந்தால் அங்கிருந்து தப்பிச் செல்ல வழியும் இருந்தது. தம் வீட்டின்மீது கண்காணிப்பு இருக்கும் வேளைகளிற் பயன்படுத்துவதற்காகச் சிறிது தூரத்தில் வேறோர் இடத்தையும் அவர் அமர்த்தியிருந்தார். பூசை உடுப்புகளும் பாத்திரங்களும் மறைவாக வைக்கப்பட்டிருந்தன. தம் பிள்ளைகளுக்கும் வேறு சில பிள்ளைகளுக்கும் கற்பிக்க ஆசிரியர் ஒருவரையும் வீட்டில் வைத்திருந்தார். மூத்த மகன் ஹென்றியை, கத்தோலிக்கக் கல்வி பெறுவதற்காகக் கடல்கடந்து பிரான்சுக்கு அனுப்பினார். அதுவும் சட்டத்துக்கு விரோதமே.

1582, 1583 ஆம் ஆண்டுகளில், யோர்க் நகருக்கு வெளியே நேவ்ஸ்மயர் என்னும் வெளியிலுள்ள தூக்குமரத்தில் ஐந்து குருக்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். இரவு நேரங்களில் மார்கிரட் தம் தோழியரோடு வெறுங்காலுடன் அங்கு நடந்து சென்று, அந்தத் தூக்குமரத்தின் கீழ் முழந்தாளிட்டுச் செபிப்பார். கடையிலே பகலெல்லாம் நின்ற கால்கள் அவை.

1585 இல் புதியதொரு சட்டம் வந்தது. வெளிநாட்டிற் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்துக்குள் வரும் குரு இராசத்துரோகி; அவருக்குத் தங்க இடமளிப்பவருக்கும் மரண தண்டனை. ஒருவேளை உணவும் ஓரிரவு உறக்கமும் உயிரின் விலையாகிவிட்டன. மார்கிரட் கதவை அடைக்கவில்லை.

1586 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10 ஆந் திகதி. ஜோன் கிளிதரோ அதிகாரிகளால் விசாரணைக்கு அழைக்கப்பட்டிருந்த வேளையில், செரிப்மார் வீட்டுக்குட் புகுந்தனர். மேல்மாடியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் இரகசிய வழியால் தப்பினார். வந்தவர்கள் பிள்ளைகளையும் பணியாளரையும் பிடித்தனர். அவர்களுள் பிளெமிய நாட்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுடைய ஆடையைக் களைந்து, பிரம்பைக் காட்டி மிரட்டினர். அஞ்சிய அச்சிறுவன் குருக்கள் தங்கும் அறையையும், பூசை உடுப்புகள் இருந்த இடத்தையும் காட்டிவிட்டான். அவனைக் குற்றஞ்சொல்ல யாருக்கு மனம் வரும்? அன்று பிரிந்த பிள்ளைகளைத் தாய் மீண்டும் காணவே இல்லை.

நான்கு நாட்களின் பின் நகர மண்டபத்தில் நீதிமன்றம் கூடியது. குற்றவாளியா, அல்லவா என்று கேட்டபோது, மார்கிரட் இரண்டையும் சொல்லவில்லை. தாம் செய்த குற்றம் எதையும் தாம் அறியவில்லை என்றும், ஆகவே விசாரிக்க எதுவுமில்லை என்றும் கூறி நின்றுவிட்டார். அடுத்த நாளும் அதே நிலைதான். பார்ப்பதற்குச் சிறிய விடயம்போலத் தோன்றும் இதிலேதான் முழு வரலாறும் அடங்கியிருக்கின்றது.

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் பதில் சொன்னால்தான் ஜூரிமார் முன்னிலையில் வழக்கு நடக்கும். வழக்கு நடந்தால் சாட்சிகள் வேண்டும். இந்த வழக்கிற்குச் சாட்சிகள் யார்? அவருடைய பிள்ளைகள், அவருடைய வீட்டுப் பணியாளர்கள். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க மகள் அன், தாயைக் கொல்வதற்கான வாக்குமூலத்தைத் தன் வாயாலே சொல்லவேண்டி வரும். பின்னர் அதோடு அவள் எப்படி வாழ்வாள்? ஜூரிகளாக அமரும் அயலவர்களும் மனச்சாட்சிக்கு மாறாக அவருடைய இரத்தப் பழியைச் சுமக்க நேரும். பதில் சொல்லாவிட்டால் வழக்கு இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் அதற்கென்று தனித் தண்டனை ஒன்று இருந்தது. பேச மறுப்பவரை நிலத்திலே கிடத்தி, பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்வது. நீதிபதிகளுள் ஒருவரான கிளிஞ்ச் அதைத் தவிர்க்கவே பெரிதும் முயன்றார். பதில் சொல்லும்படி பலமுறை வேண்டினார். பயனில்லாதபோதே தீர்ப்பை வாசித்தார்.

வாசகர்களே, உங்களுட் சிலர் மனத்தில் எழும் கேள்வி எனக்குப் புரிகின்றது. தாயொருத்தி தன் பிள்ளைகளை அநாதைகளாக்கிவிட்டு இப்படிச் சாகலாமா? ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்திருந்தால் உயிர் தப்பியிருக்குமே? அன்று யோர்க் மக்களும் இதையேதான் கேட்டனர். கணவரையும் பிள்ளைகளையும் நேசியாதவள், பித்துப் பிடித்தவள், சாவைத் தேடிப் போகிறவள் என்றனர். மாற்றாந் தந்தை ஹென்றி மே அவ்வாண்டில் யோர்க் மாநகர முதல்வர். அவரே சிறைக்கு வந்து, மனத்தை மாற்றிக்கொள்ளும்படி மன்றாடினார். மார்கிரட் இந்தக் கேள்விக்கு இலேசாகப் பதிலளித்தவர் அல்லர். கணவரையும் பிள்ளைகளையும் உலகில் வேறெதையும்விட அதிகமாக நேசிப்பதாகவே அவர் சொன்னார். அந்த நேசம் இறைவனுக்கு அடுத்தபடியே என்பதிலும் அவர் தளரவில்லை. நாம் அவரைப் புகழ்வது எளிது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் இடத்தில் நின்று பார்த்தால் அவ்வளவு எளிதல்ல. ஆயினும் அந்த மௌனம் பிள்ளைகளைக் கைவிட்ட மௌனம் அல்ல, அவர்களைச் சுற்றிக் கட்டிய வேலி என்றே நான் எண்ணுகின்றேன்.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. அவர் கருவுற்றிருக்கலாம் என்ற பேச்சு வந்தது. பெண்கள் சிலர் அவரைப் பரிசோதித்து, தாங்கள் அறிந்தமட்டில் அவர் கருவுற்றிருப்பதாகவே கூறினர். அதனைக் காரணமாகக் கொண்டு தண்டனையைப் பின்போடக் கிளிஞ்ச் விரும்பினார். மார்கிரட்டோ, அதை உறுதியாகச் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்றார். ஆம் என்ற ஒரு சொல் அவருக்குச் சில மாதங்களைத் தந்திருக்கும். நிச்சயமாய் அறியாத ஒன்றை, உயிருக்காகக்கூட அவர் சொல்லவில்லை. கடையில் நிறுவையிலே பிசகாத பெண்மணி, சொல்லிலும் பிசகவில்லை.

ஜோன் கிளிதரோ செய்தியறிந்து புத்தி பேதலித்தவர்போலக் கதறினார். தமக்கிருப்பவை யாவற்றையும் எடுத்துக்கொண்டு மனைவியை விட்டுவிடும்படி கெஞ்சினார். இங்கிலாந்து முழுவதிலும் அவளைப்போன்ற நல்ல மனைவி இல்லை, நல்ல கத்தோலிக்கரும் இல்லை என்று அந்த அரச திருச்சபைக்காரர் அழுதார். கைதுக்குப் பின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கண்டது ஒரேயொரு தடவை. அதுவும் சிறைக்காவலர் முன்னிலையில். அதன்பின் ஐந்து நாட்களுக்கு நகரைவிட்டு வெளியேறும்படி ஜோனுக்குக் கட்டளை பிறந்தது.

தமக்குரிய நாளை அறிந்ததும், மார்கிரட் மெல்லிய துணியில் நீண்ட அங்கியொன்றைத் தம் கையாலேயே தைத்தார். ஆடையின்றி இறக்க நேருமென்று அறிந்து தைத்த அங்கி அது. தலையில் அணியும் தொப்பியைக் கணவருக்கு அனுப்பினார்; கணவரே தம் தலைவர் என்பதற்கு அது அடையாளம். காலுறைகளையும் பாதணிகளையும் மகள் அன்னுக்கு அனுப்பினார். தாய் நடந்த வழியே மகளும் நடக்கவேண்டும் என்பது அதன் பொருள். வேறு மரணசாசனம் எதையும் அவர் எழுதவில்லை.

1586 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆந் திகதி. மங்கள வார்த்தைத் திருநாள். அன்று வெள்ளிக்கிழமை. ஊஸ் ஆற்றுப் பாலத்திலிருந்த சிறையிலிருந்து சில அடி தூரத்திலேதான் சுங்கக் கூடம். வெறுங்காலுடன் நடந்து, வழியில் நின்ற வறியவர்களுக்குப் பிச்சையிட்டபடி சென்றார். தண்டனையை நிறைவேற்ற வேண்டிய அலுவலர்களுக்குத் தாங்களே அதைச் செய்ய மனம் வரவில்லை. பிச்சைக்காரர் நால்வரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தனர். மார்கிரட் முழந்தாளிட்டுத் திருச்சபைக்காகச் செபித்தார். எலிசபெத் மகாராணிக்காகவும் செபித்தார். பின்னர் நிலத்திலே கிடத்தப்பட்டார். கைகள் இருபுறமும் விரித்துக் கட்டப்பட்டபோது உடல் சிலுவையின் வடிவாயிற்று. முதுகின் கீழே கூரிய கல்லொன்று. மேலே ஒரு கதவு. அது அவருடைய வீட்டுக் கதவே என்பது வழிவழியாக வரும் செய்தி. குருக்களுக்காகத் திறந்த கதவு. அதன்மேல் ஏழெட்டு அந்தர் பாரம் ஏற்றப்பட்டது. இயேசுவின் திருப்பெயரைச் சொல்லி அழைத்தபடி, கால் மணி நேரத்துக்குள் அவர் உயிர்நீத்தார். ஆறு மணி நேரம் அந்தப் பாரத்தை எவரும் அகற்றவில்லை.

உடலை இரகசியமாகப் புதைத்தனர். நண்பர்கள் அதைத் தேடியெடுத்து வேறெங்கோ அடக்கம் செய்தனர். எங்கே என்பது இன்றுவரை தெரியவில்லை. அவருடையதென்று போற்றப்படும் கை ஒன்று மட்டும் யோர்க்கிலுள்ள பார் கன்னியர்மடத்திற் பாதுகாக்கப்படுகின்றது. 1929 இல் பதினோராம் பத்திநாதர் அவரை அருளாளராக அறிவித்தார். 1970 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆந் திகதி, இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது மறைசாட்சிகளுள் ஒருவராகத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். நாற்பது பேரிற் பெண்கள் மூவர் மட்டுமே. அவர் உயிர்நீத்த இடத்தை நினைவுகூரும் பலகை 2008 இல் ஊஸ் பாலத்தில் வைக்கப்பட்டது. முதலிற் கூறிய ஷாம்பிள்ஸ் செபக்கூடத்தைப்பற்றி ஒரு குறிப்பு: அவர் வாழ்ந்தது அந்த வீட்டில் அல்ல, எதிர்ப்பக்கத்து வீடொன்றிலேயே என்று பின்னர் தெரியவந்தது. அதனால் என்ன? முழுத் தெருவும் அவருடையதே.

அந்தப் பாதணிகளைப்பற்றிச் சொல்லவேண்டியது எஞ்சியிருக்கின்றது. தாய் சிறையிலிருந்தபோது சிறுமி அன்னையும் காவலில் வைத்திருந்தனர். தாயைக் காட்டிக்கொடுக்க அவள் மறுத்தாள். ஆலயத்துக்கு வந்து ஒரு பிரசங்கத்தைக் கேட்டால் தாய் பிழைப்பாள் என்று அவளிடம் சொன்னார்கள். குழந்தை அதை நம்பிப் போய்க் கேட்டாள். தாய் பிழைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தோடு வளர்ந்த அன், 1593 இல் தன் நம்பிக்கைக்காகத் தானும் லங்காஸ்டர் சிறையில் இருந்தாள். பின்னர் கடல் கடந்து, 1598 இல் லூவேன் நகரிலுள்ள புனித ஊர்சுலா கன்னியர்மடத்திற் சேர்ந்தாள். சிறையிற் பிறந்த வில்லியம் குருவானார்.